நாற்பத்தொன்றாவது சாம்பிள்

நவம்பர் 3, திங்கள்

திட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தினமும் பார்த்ததையும் செய்ததையும் ஒளிக்காமல் எழுதி வைக்க வேண்டும் என்று ஹெப்சிபா மேடம் நோட்டுக் கொடுத்தார். ஒவ்வொருவரும் என்றால் நான் மட்டும்தான். இந்த நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் திட்டத்துக்கு மொத்தமே இரண்டு பேர். அவர் விஞ்ஞானி. நான் தொழில்நுட்ப உதவியாளர், பெயர் வேதரத்தினம், பதினான்கு வருடமாகத் தற்காலிகம். இங்கே நிரந்தரமாகத் தற்காலிகமாக இருப்பவன் நான் ஒருவன்தான் என்பார் ஸ்டோர் கீப்பர் பக்கிரிசாமி. அவருக்கு வேறு வேலை கிடையாது.

வீட்டிலும் நான் கவனித்துக் குறிக்க வேண்டியவை இருக்கின்றன. அதற்கென்று தனி நோட்டுப் போட முடியாது. இரண்டும் இதிலேயே. என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர்தான் படிக்க முடியும், ஆகவே மேடத்தைப் பற்றிக் கவலையில்லை.

களம்: பாலித்தீன் கூரையின் கீழ் எண்பது நெல் தொட்டிகள். க-1 முதல் க-40 வரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கன்ட்ரோல் செடிகள், இவற்றுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர். வ-1 முதல் வ-40 வரை வறட்சிச் செடிகள், இவற்றுக்கு வாரம் ஒரு டம்ளர். சாகவும் கூடாது, நன்றாக இருக்கவும் கூடாது. செடிக்குள் சில மரபணுக்கள் சும்மா கிடக்குமாம். தாங்க முடியாத கஷ்டம் வந்தால் மட்டும் விழித்துக்கொண்டு வேலை செய்யுமாம். கன்ட்ரோல் செடியில் அவை தூங்க வேண்டும், வறட்சிச் செடியில் விழிக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை எண்ணில் காட்டினால் திட்டம் இன்னும் மூன்று வருடம் ஓடும். காட்டாவிட்டால் டிசம்பரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கூரைக்கு வெளியே ஐப்பசி மழை ஊற்றுகிறது. மாவட்டமே மிதக்கிறது. நான் உள்ளே உட்கார்ந்து வறட்சி தயாரிக்கிறேன்.

வீடு: நீலாவின் சீப்பில் முடி 61.

நவம்பர் 4, செவ்வாய்

நீலாயதாட்சி என் மகள். இருபத்திரண்டு வயது, வேதியியல் பட்டம். ஆகஸ்டில் ஒரு அரசு வேலைக்கு நேர்காணல் போய் வந்தாள். அதிலிருந்து தபாலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடி கொட்டுகிறது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. மன அழுத்தம், வீட்டில் அழுத்தம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதைவிட எளிதானது எனக்கு வேறொன்றும் இல்லை. செடிக்கே அதைத்தானே செய்கிறேன். தேதியைப் பார்த்தால் பதறுகிறாள் என்று நாள்காட்டியைக் கழற்றினேன். செய்திச் சேனலை நிறுத்தினேன். அரை மணிக்கொரு தரம் கதவைத் தட்டி, "ஒண்ணும் வேணாமா பாப்பா?" என்று கேட்கிறேன். ஒன்றும் வேண்டாம் என்கிறாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

முடி 64.

நவம்பர் 7, வெள்ளி

தபால்காரர் சேவியரிடம் போன மாதமே சொல்லி வைத்திருந்தேன். நீலா பெயருக்கு எது வந்தாலும் வீட்டில் தட்டாமல் நிலையத்தில் என்னிடம் கொடுத்துவிடுங்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று. நல்ல மனிதர். இன்று பதிவுத் தபால் ஒன்று கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அழுத்தம் தரும் விஷயம் ஏதும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே பிரித்தேன். இருந்தது. கிருஷ்ணகிரி பக்கம் பால் பரிசோதனைக் கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலை. டிசம்பர் 12, வெள்ளி, மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் ஆணை ரத்து. ஆணை, ரத்து, தவறினால் என்ற சொற்களை முடி கொட்டும் பிள்ளையிடம் எப்படி நீட்டுவது? ஒன்பது மணி நேரப் பயணம் வேறு, இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்குப் பஸ் என்றாலே ஆகாது. இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உடம்பு தேறட்டும், கொடுத்துவிடலாம்.

அதுவரை எங்கே வைப்பது என்று யோசித்தேன். வீட்டில் கரையான், மேசை டிராயரில் எலி. வெட்டிய இலைகளை வைக்கும் மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அதில் வைத்தது வைத்தபடி இருக்கும், ஒன்றும் மாறாது, கெடாது என்று மேடமே சொல்லியிருக்கிறார். கடிதத்தை உறையோடு மடித்துச் சாம்பிள் பையில் போட்டு, ஒட்டுச்சீட்டில் க-41 என்று எழுதி, க-40க்குப் பின்னால் செருகினேன். எண் வரிசை கெடவில்லை.

சாயங்காலம் நீலா கேட்டாள், போஸ்ட்மேன் வந்தாரா என்று. இந்தத் தெருவுக்கு வரவில்லை என்றேன். பொய் கிடையாது.

முடி 70.

நவம்பர் 10, திங்கள்

கன்ட்ரோல் செடிகளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது, அவை முழுக்க உங்கள் பொறுப்பு என்று மேடம் மறுபடியும் சொன்னார். சொல்ல வேண்டுமா? காலை ஒன்பது, பகல் ஒன்று, மாலை நாலு, மூன்று வேளையும் போகிறேன். முதலில் வணக்கம். பிறகு ஈரப் பஞ்சால் ஒவ்வோர் இலையையும் துடைப்பேன். இலையை நீவி நிமிர்த்தி ஸ்கேலில் உயரம் பார்ப்பேன். தண்டைக் கிள்ளிப் பார்த்தால் உறுதி தெரியும். கடைசியாகத் தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைப்பேன், வெயில் நாலா பக்கமும் படட்டும் என்று.

வறட்சிச் செடிகளின் பக்கம் போவதில்லை. டம்ளர் தண்ணீரைத் தூரத்திலிருந்தே ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவற்றைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உபரித் தொட்டிகள் பன்னிரண்டு கிடக்கின்றன. யாரும் சீந்துவதில்லை. குழாய்க் கசிவில் அதுவாக ஈரமாகி அதுவாக வளர்கிறது. எந்த வரிசையிலும் எண் இல்லாத அநாதைகள்.

முடி 74.

நவம்பர் 12, புதன்

வெள்ளச் சேதம் கணக்கெடுக்க ஆட்கள் வந்தார்கள். வ-17, வ-22 இரண்டும் செத்துவிட்டன. காரணம் என்று ஒரு கட்டம். வெள்ளம், காற்று, கால்நடை, இம்மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும். தண்ணீர் இல்லாமல் செத்தது என்றேன். இந்த மாதத்தில் அந்தக் காரணத்துக்கு இடமில்லை என்றார் வந்தவர், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு. கால்நடை என்று போட்டுக்கொடுத்தேன்.

முடி 81. நீலா பரிசோதனைக் கூடத்துக்குப் போன் போட்டுப் பார்த்தாளாம், யாரும் எடுக்கவில்லையாம். நேரில் போய்க் கேட்டு வரட்டுமா என்றாள். இந்த மழையிலா என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

இலைகளைப் பரிசோதித்த முடிவு வந்துவிட்டது. மேடம் கம்ப்யூட்டர் முன் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

வறட்சிச் செடிகளில் மரபணுக்கள் விழித்திருக்கின்றன, அது சரி. கன்ட்ரோல் செடிகளில் அதைவிட அதிகமாக விழித்திருக்கின்றன. சொகுசாக வளர்ந்த நாற்பது செடிகளும் ஏதோ பெரிய ஆபத்தில் இருப்பது போல உள்ளுக்குள் அலறிக்கொண்டிருக்கின்றன. உயரமும் குறைவு.

இப்படியே அனுப்பினால் சிரிப்பார்கள், திட்டத்தை மூடிவிடுவார்கள் என்றார் மேடம். செடிகளுக்கு யாரோ, எதுவோ தொந்தரவு கொடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பிள்ளைகள் மாதிரி வளர்த்த செடிகள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

முடி 96.

நவம்பர் 18, செவ்வாய்

சந்தேகப் பட்டியல்: எலி. டிரான்ஸ்பார்மர். செல்போன் கோபுரம். பக்கிரிசாமி, பீடி. கோயில் ஒலிபெருக்கி.

கார்த்திகை பிறந்ததிலிருந்து விடியற்காலை நாலரைக்கே பக்திப் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது. கோயில் விழாக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினேன். நாற்பது நெற்பயிர்களின் மன நிம்மதியை முன்னிட்டுச் சத்தத்தைக் குறைத்துத் தரும்படி.

நவம்பர் 19, புதன்

நீலாவோடு நேர்காணலுக்குப் போன பெண்ணுக்கு வேலை ஆணை வந்துவிட்டதாம். பத்து நாளாயிற்றாம். போனில் சொல்லியிருக்கிறாள்.

நான் போனபோது நீலா அடுப்படியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எனக்கு வரலப்பா. அவ்ளோதான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கைவைத்தேன். கையை மெதுவாக எடுத்து என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

முடி 131. இரண்டு தரம் எண்ணினேன்.

நவம்பர் 21, வெள்ளி

விழாக் குழுவிடமிருந்து பதில். பயிர்களின் நலனுக்காக ஒரு சிறப்பு அர்ச்சனை செய்துவிட்டார்களாம், பாட்டு வழக்கம்போல் தொடருமாம். குங்குமம் இணைப்பு.

எலிப் பொறியில் பக்கிரிசாமியின் செருப்பு அகப்பட்டது. கால் இல்லை.

ஆறுதலுக்காகக் கன்ட்ரோல் செடிகளை இன்று நாலாவது வேளையும் துடைத்தேன்.

நவம்பர் 24, திங்கள்

மேடம் என்னிடம் சொல்லாமல் வெள்ளிக்கிழமையே தன் பழைய போனைக் கூரைத் தூணில் கட்டி வீடியோ எடுத்திருக்கிறார். இன்று கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்.

படத்தில் செடிகள். நன்றாகத்தான் நின்றன. ஒருவன் வந்தான். முதுகுப் பக்கம்தான் தெரிந்தது. சட்டை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. குனிந்து ஒரு செடியைப் பிடித்தான். துடைத்தான், இழுத்தான், நீட்டினான், கிள்ளினான், திருப்பினான். ஏதோ பேசிக்கொண்டே அடுத்ததைப் பிடித்தான். விட்ட செடி ஆடி அடங்குவதற்குள் மறுபடி வந்து இன்னொரு தரம் தடவினான். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. மேடம் எண்ணி வைத்திருந்தார். ஒரு வேளைக்கு ஒரு செடியை ஒன்பது தடவை.

செடிக்கு அன்பு தெரியாதாம், தொடுவது மட்டும்தான் தெரியுமாம். ஒவ்வொரு தடவை தொடும்போதும் காற்றா, மாடா, பூச்சியா என்று பயந்து உள்ளே அத்தனை மரபணுவையும் எழுப்பிவிடுமாம். வளர வேண்டிய சக்தியைத் தற்காப்புக்குச் செலவழித்துக் குட்டையாக நின்றுவிடுமாம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார். அந்த அநாதைகள் பன்னிரண்டும் என் செடிகளைவிடப் பதினொரு சென்டிமீட்டர் உயரம். நானே அளந்தேன். தொடாமல் அளக்கச் சொன்னார்.

"இந்தச் செடிங்களுக்கு வெளியிலேருந்து ஒரு கஷ்டமும் வரல, சார்" என்றார். "அதுங்களுக்கு இருக்கற ஒரே கஷ்டம் நீங்கதான்."

நவம்பர் 25, செவ்வாய்

வீட்டுக்கு இது பொருந்தாது. நீலா நெல் அல்ல.

நவம்பர் 26, புதன்

இன்று நீலாவின் கதவை எத்தனை தரம் தட்டுகிறேன் என்று சும்மா ஒரு புள்ளிவிவரத்துக்காகக் குறித்தேன். காலையில் மட்டும் பதினான்கு. பகலில் போனில் ஆறு. மாலையில் குறிப்பதை நிறுத்திவிட்டேன்.

முடி 118.

நவம்பர் 28, வெள்ளி

மேடம் சும்மா இருப்பவர் அல்ல. தொடுவதையே மூன்றாவது சோதனையாக்கிவிட்டார். கன்ட்ரோலில் இருபது செடிகளை நான் இனிமேல் தொடவே கூடாது. மீதி இருபதை வழக்கம்போல் தொட வேண்டும். தலைமையகம் ஒப்புக்கொண்டு படிவம் அனுப்பிவிட்டது. நான் நிரப்பினேன்.

அழுத்தக் காரணி: வேதரத்தினம். வகை: உயிருள்ளது. அளவு: 84 கிலோ. செயல்படும் நேரம்: காலை 9, பகல் 1, மாலை 4, அரசு விடுமுறை நீங்கலாக.

ஸ்டோர் பதிவேட்டில் என்னை ஏற்ற வேண்டும் என்று பக்கிரிசாமி அடம் பிடித்தார். நான் உபயோகித்துத் தீரும் பொருளா, திரும்ப ஒப்படைக்கும் பொருளா என்று அரை மணி நேரம் யோசனை. கடைசியில் பூச்சிமருந்துக்குக் கீழே எழுதிக்கொண்டார்.

தொடக் கூடாத இருபது செடிகளைக் கடக்கும்போது இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு கஷ்டம் என்று எழுதினால் சிரிப்பார்கள்.

நீலா சரியாகச் சாப்பிடுவதில்லை. பெட்டியில் க-41 பத்திரமாக இருக்கிறது. பார்த்தேன். இன்னும் பதினான்கு நாள்.

டிசம்பர் 1, திங்கள்

நாளை புயலாம். நிலையத்துக்கு விடுமுறை. அழுத்தக் காரணிக்கும் விடுமுறை.

டிசம்பர் 3, புதன்

நேற்று பதினொன்று இருபதுக்குப் பாலித்தீன் கூரை பறந்து போயிருக்கிறது. காவலாளி கடிகாரம் பார்த்துச் சொன்னார். ஆக, எங்கள் வறட்சி அந்த நிமிடத்தோடு அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. வறட்சிச் செடிகள் வாய் நிறையக் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அவற்றின் முகத்தைப் பார்த்தேன்.

உபரித் தொட்டிகள் பன்னிரண்டும் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடந்தன. பதினொரு சென்டிமீட்டர் உயரம் என்ன ஆயிற்று? என்னுடைய குட்டைச் செடிகள் நாற்பதும் நின்றன. ஒன்றுகூடச் சாயவில்லை. ஓடிப்போய் மேடத்தை இழுத்துவந்து காட்டினேன். தொட்டுத் தொட்டு வளர்த்தால் தண்டு தடிக்குமாம், காற்றைத் தாங்குமாம், இது அருமையான முடிவு சார், திட்டம் பிழைத்தது என்று அவரும் சிரித்தார். நான் தோற்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் அந்த நினைப்பு இருந்தது.

மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரில் தண்ணீர். மைனஸ் எண்பது பெட்டி உருக ஆரம்பித்துவிட்டது. உள்ளே இருப்பதையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டும். மேடம் பட்டியலை வாசிக்க, நான் எடுத்துக் கொடுக்க, பக்கிரிசாமி டிக் போட்டார். க-38, க-39, க-40 முடிந்தது.

"இன்னொண்ணு இருக்கே" என்றார் பக்கிரிசாமி. "நாப்பத்தொண்ணு."

மேடம் வாங்கிப் பார்த்தார். ஒட்டுச்சீட்டில் என் கையெழுத்து. பைக்குள் இலை இல்லை, கடிதம். உறையின் மேல் நீலாவின் பெயர். ஐஸ் உருகி அவர் கையில் சொட்டியது. நான் தரையைப் பார்த்தேன்.

"எப்ப வந்துச்சு?"

போன மாதம் ஏழாம் தேதி என்றேன்.

"எப்ப சேரணும்?"

பன்னிரண்டாம் தேதி என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பையை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"இது என்னோட சாம்பிள் இல்ல, சார்."

பக்கிரிசாமி பட்டியலில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய் நீலாவிடம் கொடுத்தேன். கடிதம் ஈரத்தில் தொய்ந்திருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. நின்றபடியே படித்தாள். பதிவுத் தபால் ஒட்டுச்சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு சுவரில் நாள்காட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஆணி மட்டும் இருந்தது.

"அன்னிக்கு நான் அடுப்படில உக்காந்திருந்தப்ப, உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

தெரியும் என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

பேசவில்லை. முடி எண்ணவில்லை. சீப்பை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

பேசவில்லை. தோசை மட்டும் வைத்தாள். கதவைத் தட்டவில்லை. தட்டாமல் இருப்பது இவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 8, திங்கள்

காலை 9, பகல் 1, மாலை 4, என் கடமையைச் செய்தேன். இருபது செடிகளைத் தொட்டேன், இருபதைத் தொடவில்லை. தொடாத இருபதில் புதுக் குருத்து விட்டிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரிகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

பரணிலிருந்து பெட்டி இறங்கியிருக்கிறது. தூசி தட்டித் துடைத்தது அவளே.

டிசம்பர் 10, புதன்

சாப்பிடும்போது நீலா தானாகவே பேசினாள். புயலில் செடிகள் என்ன ஆயின என்று கேட்டாள். ஆறு நாளில் முதல் கேள்வி. நான் அடக்கிக்கொள்ள முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வீடியோ, ஒன்பது தடவை, பூச்சிமருந்துக்குக் கீழே என் பெயர், உயரமான அநாதைகள் சாய்ந்தது, நான் தொட்டு வளர்த்த நாற்பதும் நின்றது. பூச்சிமருந்து என்றபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஆகவே தொடுவதும் முழுத் தவறு அல்ல, அதில் ஒரு பலன் இருக்கிறது என்று முடித்தேன்.

"நீங்க தொட்டு வளத்த செடி ஒண்ணும் சாயலதானே?"

ஒன்றுகூட இல்லை என்றேன், பெருமையாகத்தான்.

"அப்ப நானும் சாய மாட்டேன்ல. பயப்படாம விடுங்கப்பா" என்றாள்.

என் ஆராய்ச்சி முடிவை வைத்தே என்னை மடக்கிவிட்டாள். பட்டம் வாங்கியவள்.

டிசம்பர் 11, வியாழன்

காலை ஆறே காலுக்குப் பஸ். பஸ் ஸ்டாண்டு வரை வரலாம், பெட்டியைத் தூக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, டிரைவரிடம் போய் மெதுவாக ஓட்டச் சொல்லக் கூடாது. மூன்று நிபந்தனை. மூன்றையும் காப்பாற்றினேன். மூன்றாவதுதான் கஷ்டமாக இருந்தது.

இதையும் எழுதிவிடுகிறேன், ஒளிக்காமல் எழுதத்தானே நோட்டு. என் மனைவி தேவகியும் இதே ஸ்டாண்டில்தான் ஏறினாள். மூன்று வருடம் முன்னால், தஞ்சாவூருக்கு, உடம்பைக் காட்டிவிட்டுச் சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று. வலி இருக்கிறதா என்று அதற்கு முந்தி ஆறு மாதம் நான் ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. அவளைத்தான் யாருமே கவனிக்கவில்லை. வீட்டுக்கு ஆம்புலன்ஸில் உடலாகத்தான் வந்தாள். அன்றிலிருந்துதான் நான் இப்படி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். மேடத்தின் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பஸ் கிளம்பியது. ஜன்னலில் நீலா திரும்பிப் பார்த்தாள். கை கால்சட்டைப் பைக்குள் இருந்தபடியால் எடுத்து ஆட்டக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. பார்த்தாளா தெரியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

பதினொன்று பத்துக்குக் குறுஞ்செய்தி. சேர்ந்துட்டேன். அவ்வளவுதான். பக்கிரிசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன்.

போன் பண்ணவில்லை.

டிசம்பர் 13, சனி

போன் பண்ணவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

போனை மைனஸ் எண்பது பெட்டியில் வைத்துவிடலாமா என்று தோன்றியது. நிலையத்துக்கு விடுமுறை. நாள்காட்டியை ஆணியில் மறுபடி மாட்டினேன். நாற்பது தாள் ஒன்றாகக் கிழிக்க வேண்டியிருந்தது. பண்ணவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

களம்: தொட்டவை 20. தொடாதவை 20. திட்டம் மூன்று வருடம் நீட்டிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. நானும் நீட்டிக்கப்பட்டேன், அழுத்தக் காரணியாக, தற்காலிகமாக.

வீடு: மாலை ஆறே முக்காலுக்குப் போன் வந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டேன், அது தவறா என்று தெரியவில்லை.

"ஏம்ப்பா, நாலு நாளா ஒரு போன் கூடக் காணோம்? உடம்புக்கு ஒண்ணுமில்லல்ல?"

ஒன்றுமில்லை என்றேன். அவளே பேசினாள். அறையில் இன்னொரு பெண், தூத்துக்குடிக்காரி. பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்க ஒரு கருவி. சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள். வெள்ளம் வடிந்ததா. நாற்பது செடியும் நிற்கிறதா. பதினோரு நிமிடம். நான் எதையும் கேட்கவில்லை, முடியைப் பற்றியும் கேட்கவில்லை.

வைக்கப் போகும்போது, நோட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன்.

"எழுதிக்கிங்க. ஐம்பத்திரெண்டு" என்றாள்.

எழுதிக்கொண்டேன். முடி 52. எண்ணியது அவள். நான் சரிபார்க்கவில்லை.